பார்க்கிங்குக்கு நாலு நட்சத்திரம், பள்ளிக்கூட ரோட்டுக்கு ரெண்டு

கடைக்கும் சாப்பாட்டுக்கும் எல்லாரும் நட்சத்திரம் போடுகிறார்கள். வருடத்துக்கு இரண்டு தடவை, பிப்ரவரி கடைசிக்குள் ஒன்று, ஆகஸ்ட் கடைசிக்குள் ஒன்று என்று நான் வீட்டு வரி கட்டுகிற மாவட்ட மன்றத்துக்கு இதுவரை யாரும் போட்டு நான் பார்த்ததில்லை. மலேசியாவில், எங்கள் ஊரில் அதை மஜ்லிஸ் என்றுதான் சொல்வோம். அந்த மஜ்லிஸ் பார்க்கிங்கையும் ரோட்டு வேகத்தையும் எப்படிப் பார்த்துக்கொள்கிறது என்று எழுத எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன். 17 வருடமாகப் பள்ளி வேன் ஓட்டுகிறேன்.

செம்பனைத் தோட்டத்துத் தொழிலாளர் வீடுகள் இருக்கிற லயத்திலிருந்து காலையில் பிள்ளைகளை ஏற்றி டவுனில் இருக்கிற தமிழ்ப்பள்ளியில் விடுவேன். மத்தியானம் திரும்ப அழைத்துப் போவேன். இடையில் கிடைக்கும் ஐந்தாறு மணி நேரமும் டவுனில்தான். பேங்க், கிளினிக், தபால் நிலையம், தோட்டத்துப் பாட்டிமார் எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டு, யாராவது ஒருவருடைய மின்சார பில். ஒரு நாளில் ஆறேழு இடத்தில் வண்டியை நிறுத்தி எடுக்கிறவளுக்கு, மஜ்லிஸ் போட்ட ஒவ்வொரு கோடும் மனப்பாடம்.

ஊர் சின்னது. பெரிய ரோடு நடுவில் போகிறது, இரண்டு பக்கமும் பழைய கடை வரிசை. ஒரு முனையில் மாரியம்மன் கோயில், இன்னொரு முனையில் பெட்ரோல் ஸ்டேஷன். காற்று இந்தப் பக்கம் திரும்பினால் எண்ணெய் ஆலையின் வாடை கடைத்தெரு வரைக்கும் வரும். சனிக்கிழமை சம்பளம் வாங்கிய கையோடு தோட்டமே டவுனுக்கு வந்துவிடும்.

முதலில் பார்க்கிங்.

முன்பு கூப்பன் புத்தகம் இருந்தது. மாதம், தேதி, மணி எல்லாம் சின்னச் சின்னக் கட்டமாக இருக்கும். காசால் சுரண்டி டேஷ்போர்டில் வைக்க வேண்டும். மழை நாளில் ஈரக் கையோடு சுரண்டினால் பக்கத்துத் தேதியும் சேர்ந்து கிழியும். கூப்பன் விற்கிற கடையில் பாதி நாள் ஸ்டாக் இருக்காது. அதைவிடப் பெரிய தொல்லை, யாரும் வந்து பார்ப்பதில்லை என்பதால் கூப்பன் வைப்பவரும் குறைவு. காலை 8 மணிக்கே கடைத்தெருவில் எல்லாப் பார்க்கிங் பெட்டியும் நிறைந்துவிடும். சாமான் வாங்க வந்தவர்கள் வண்டி இல்லை அவை. கடைக்காரர்கள், அங்கே வேலை செய்கிறவர்கள், அவர்களுடைய காடி (கார்) சாயங்காலம் 5 மணி வரைக்கும் அசையாது. கிளினிக் வாசலில் காய்ச்சல் பிள்ளையை இறக்கக்கூட இடம் கிடைக்காமல், டபுள் பார்க்கிங் போட்டு ஹாரன் சத்தத்தில் ஓடி ஓடி ஏற்றி இறக்கியிருக்கிறேன்.

நாலு வருடத்துக்கு முன்னால் மஜ்லிஸ் மூன்று காரியம் செய்தது. கூப்பனை எடுத்துவிட்டுக் கைப்பேசிச் செயலி கொண்டுவந்தது, மணிக்கு 50 காசு. கோயிலுக்குப் பின்னால் புல் மண்டிக் கிடந்த காலி நிலத்தைச் சமப்படுத்திக் கல் கொட்டி, அங்கே நாள் முழுக்க இலவசம் என்று பலகை வைத்தது. அமலாக்க அதிகாரிகள் இரண்டு பேரைத் தினமும் நடக்க விட்டது. இந்த மூன்றில் எதைத் தனியாகச் செய்திருந்தாலும் பலித்திருக்காது என்று எனக்கு உறுதியாகத் தெரியும். காசு மட்டும் ஏற்றியிருந்தால் கடைப் பையன்கள் சம்பளத்தில் கை வைத்ததாக ஊரே திட்டியிருக்கும். இலவச இடம் மட்டும் கொடுத்திருந்தால் யாரும் அவ்வளவு தூரம் நடக்க மாட்டார்கள். இப்போது கடைத்தெருவில் ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு பெட்டி காலியாகிறது. அரை நாள் நிறுத்துகிறவர் கோயிலுக்குப் பின்னால் போகிறார், அரை மணி நேரம் நிறுத்துகிறவருக்கு வாசலில் இடம் கிடைக்கிறது. பார்க்கிங்குக்குக் காசு வாங்குவதன் பலனே இதுதான். அதை எங்கள் மஜ்லிஸ் புரிந்துகொண்டு செய்திருக்கிறது, மனதாரப் பாராட்டுகிறேன்.

ஸ்மார்ட் போன் இல்லாதவர்களுக்கும் வழி வைத்திருக்கிறார்கள். சில கடைகளை ஏஜெண்டாக நியமித்திருக்கிறார்கள். வண்டி நம்பரையும் எத்தனை மணி நேரம் என்பதையும் சொல்லிக் காசைக் கொடுத்தால் அவர்களே தங்கள் போனில் அடித்துவிடுவார்கள். இதில் எனக்கு ஒரு தடவை அடி விழுந்தது. போனில் சார்ஜ் இல்லாத ஒரு நாள், மளிகைக் கடையில் சொல்லி ஒரு வெள்ளி (ரிங்கிட்) கொடுத்துவிட்டுக் கிளினிக்குப் போனேன். திரும்பி வந்தால் வைப்பரில் பிளாஸ்டிக் உறைக்குள் கம்பவுண்ட் சீட்டு, அதாவது அபராதம். 30 வெள்ளி. என் வண்டி நம்பரின் நடு இரண்டு எண்ணையும் கடைக்காரர் மாற்றி அடித்துவிட்டார்.

அன்றைக்கு எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. பத்து நாள் அலைய விடுவார்கள் என்று நினைத்துத்தான் மஜ்லிஸ் கவுண்டருக்குப் போனேன். அங்கே நம் பையன் ஒருவர் இருந்தார், முப்பது வயதுகூட இருக்காது. சீட்டை வாங்கிப் பார்த்தார், கடையின் பெயரைக் கேட்டார், கம்ப்யூட்டரில் அந்தக் கடையிலிருந்து அன்று காலை போன கட்டணங்களை வரிசையாக இறக்கினார். திரையை என் பக்கம் திருப்பினார்.

"இங்க பாருங்க ஆண்ட்டி. 10.12க்கு ரெண்டு மணி நேரத்துக்குக் கட்டியிருக்கு. நம்பர்தான் தப்பு. சம்மன் போட்டது 10.40. காசு கட்டினவங்ககிட்ட நாங்க சம்மன் வாங்க மாட்டோம்."

கடிதம் கேட்கவில்லை, கையெழுத்து கேட்கவில்லை, பத்து நிமிடத்தில் ரத்து செய்தார். அதோடு நிறுத்தவில்லை. அடுத்த வாரம் அதே மளிகைக் கடைக்குப் போனபோது, கடைக்காரர் நம்பரை அடித்து முடித்ததும் போனை என் பக்கம் திருப்பிக் காட்டி, "பாத்துக்குங்கக்கா, சரியா இருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் பொத்தானை அழுத்தினார். மஜ்லிஸிலிருந்து எல்லா ஏஜெண்டுக்கும் அப்படிச் செய்யச் சொல்லியிருக்கிறார்களாம். ஒரு குறையைக் கொண்டுபோனால் அது எனக்கு மட்டும் தீராமல் ஊருக்கே தீர்ந்தது. நாலு நட்சத்திரத்தில் ஒன்று அந்தத் தம்பிக்கு.

மாற்றுத்திறனாளிகளுக்கான நீலப் பெட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பக்கவாதம் வந்ததிலிருந்து என் மாமியார் சக்கர நாற்காலிதான். நீலப் பெட்டி அகலமாக இருப்பதன் அருமை, கதவை முழுசாகத் திறந்து நாற்காலியை ஒட்டி வைக்கிறவர்களுக்குத்தான் தெரியும். "ரெண்டே நிமிஷம்" என்று சொல்லிக்கொண்டு அதில் காடியை விடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் அமலாக்க அதிகாரிகள் அதில் இளகுவதே இல்லை. ஊரில் பெயர் பெற்ற ஒருவருடைய பெரிய காடிக்கும் என் கண் முன்னாலேயே படம் எடுத்துச் சீட்டு வைத்தார்கள்.

ஐந்தாவது நட்சத்திரம் ஏன் இல்லை என்றால், மோட்டார் சைக்கிளுக்கு இடம் போதவில்லை. தோட்டத்திலிருந்து டவுனுக்கு வருகிறவர்களில் பாதிக்கு மேல் மோட்டாரில்தான் வருகிறார்கள். அவர்களுக்கு ஒதுக்கியது பெட்ரோல் ஸ்டேஷன் பக்கம் ஒரு மூலை. அதனால் எல்லாரும் அஞ்சடியில் ஏற்றி நிறுத்துகிறார்கள். கடை வாசலில் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கி நடக்கத்தான் அந்த அஞ்சடியைக் கட்டினார்கள். இப்போது வயதானவர்கள் அதிலிருந்து இறங்கி, காடிகளுக்கு நடுவில் தார் ரோட்டில் நடக்கிறார்கள். ஒவ்வொரு வரிசையிலும் இரண்டு காடிப் பெட்டியை எடுத்து மோட்டாருக்குக் கொடுத்தால் இது தீரும். செயலியில் தமிழ் இல்லை என்பதையும் குறித்து வைக்கிறேன்.

இனி பள்ளிக்கூட ரோடு. இதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

பெரிய ரோட்டிலிருந்து கோயிலை ஒட்டித் திரும்பினால் பள்ளிக்கூட ரோடு. அரைக் கிலோமீட்டர்கூட இருக்காது. நடுவில் பள்ளி, கடைசியில் ஒரு சின்னப் பாலம். பாலத்தைத் தாண்டினால் தோட்டத்து மண் ரோடு, அது நேரே ஆலைக்குப் போகிறது. வெளியிலிருந்து செம்பனைப் பழக்குலை ஏற்றி ஆலைக்கு வருகிற லோரி எல்லாமே பள்ளி வாசலைக் கடந்துதான் போக வேண்டும். டிரிப் கணக்கில் கூலி வாங்குகிற டிரைவர்கள், ஆலையில் கியூ நீளும் முன் போய்ச் சேரப் பார்ப்பார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அதில் இரண்டு பேர் நான் வேனில் ஏற்றிப் போய்ப் படிக்க விட்ட பிள்ளைகள்.

முன்பெல்லாம் காலை 7 மணிக்கு அந்த ரோடு ஒரே குழப்பமாக இருக்கும். பெற்றோர் காடிகள் இரண்டு பக்கமும் நிற்கும், பிள்ளைகள் இடுக்கில் புகுந்து வருவார்கள். பள்ளியும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் புகார் கொடுத்தார்கள், நானும் கையெழுத்துப் போட்டேன். மஜ்லிஸ் வேகமாகத்தான் செயல்பட்டது. இரண்டு ஓரமும் இரட்டை மஞ்சள் கோடு, நிறுத்தக்கூடாது. ஒரு மாதம் அதிகாரிகள் வாசலிலேயே நின்றார்கள். வேனுக்கும் பெற்றோருக்கும் பள்ளித் திடலின் ஓரமாக ஏற்றி இறக்கும் இடம் ஒன்றைத் தனியாக வெட்டிக் கொடுத்தார்கள். ரோடு பளிச்சென்று ஆனது. முதல் வாரம் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

இரண்டாவது வாரம்தான் ஒன்று உறைத்தது. ரோட்டில் காடி நின்ற காலத்தில் லோரி ஊர்ந்து வந்தது, ஏனென்றால் அதற்கு இடம் இல்லை. இப்போது அதே லோரிக்கு முன்னால் அகலமாக, நேராக, தடையே இல்லாத ரோடு. மஞ்சள் கோடு போட்டுக் காடிகளை விலக்கியதில், பிள்ளைகளை மறைத்துக்கொண்டிருந்த ஆபத்து போனது, லோரியைப் பிடித்து வைத்திருந்த கடிவாளமும் போனது. பார்க்கிங் ஒரு பிரிவின் வேலை, ரோட்டு வேகம் இன்னொரு பிரிவின் வேலை என்று மஜ்லிஸ் பிரித்து வைத்திருக்கலாம். ரோட்டில் நின்று பார்த்தால் இரண்டும் ஒரே வேலை.

வாசலுக்கு முன்னால் 30 என்று சிவப்பு வட்டப் பலகை இருக்கிறது. ஆனால் யார் எவ்வளவு வேகத்தில் போகிறார்கள் என்று எப்படிச் சொல்வது? "வேகமா போறாங்க" என்று எழுதிக் கொடுத்தால் யாரும் அசைய மாட்டார்கள். இடைநிலைப்பள்ளியில் படிக்கும் என் தங்கை மகன்தான் வழி சொன்னான். "பெரியம்மா, 50 மீட்டர் அளந்து ரெண்டு கோடு போடுங்க. மணிக்கு 30 கிலோமீட்டர்ல போற வண்டி அதைத் தாண்ட ஆறு செகண்ட் ஆகும். மூணு செகண்ட்ல தாண்டினா 60."

நிலம் அளக்கிற டேப்பைத் தோட்டத்துக் கிராணியிடம் (எழுத்தர்) இரவல் வாங்கினோம். ஒரு சுவரிலும் ஒரு விளக்குக் கம்பத்திலும் சுண்ணாம்பால் கோடு போட்டோம். சனிக்கிழமை அவன் போனில் ஸ்டாப் வாட்ச் போட்டுப் பழகிக்கொண்டோம். திங்கள் காலை 7 மணியிலிருந்து நான் திடல் ஓரத்தில் நின்று பள்ளி நாட்குறிப்பின் பின்பக்கத்தில் எழுதினேன். லோரி, 3.4. காடி, 4.1. மோட்டார், 3.8. லோரி, 2.9. இருபது வண்டி எழுதிவிட்டுப் பார்த்தால் ஆறு செகண்ட் எடுத்தவை இரண்டுதான். ஒன்று இன்னொரு பள்ளி வேன், மற்றது பால்காரரின் மோட்டார்.

வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கிற தூரம் நாலு மடங்காகும். 60இல் வருகிறவர் பிள்ளையைப் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே, அந்த ஒரு செகண்டில், வண்டி 16 மீட்டருக்கு மேல் போய்விடும். அது என் வேனைப் போல மூன்று வேன் நீளம். அதற்குப் பிறகுதான் பிரேக் பிடிக்கவே ஆரம்பிக்கும். பழக்குலை ஏற்றிய லோரி, ஈரமான தார் என்று சேர்த்துக்கொண்டால் கணக்குப் போடவே பயமாக இருந்தது. 2020இல் ஸ்டாக்ஹோமில் உலக நாடுகளின் அமைச்சர்கள் கூடி, நடப்பவர்களும் வண்டிகளும் ஒரே இடத்தில் புழங்கும் சாலையில் 30தான் உச்சம் என்று அறிவித்தார்களே, அந்த 30 எங்கள் வாசலில் பலகையில் மட்டும் இருக்கிறது.

அந்தத் தாளை இணைத்துப் புகார் கொடுத்தேன். பதில் வந்தது, அதற்கு மஜ்லிஸைப் பாராட்டலாம். ஆனால் பதிலைப் படித்தபோது தலை சுற்றியது. வேகத்துக்குச் சம்மன் கொடுப்பது போலீஸும் ஜேபிஜே என்கிற சாலைப் போக்குவரத்து இலாகாவும், மஜ்லிஸுக்கு அந்த அதிகாரம் கிடையாது. அது உண்மைதான், 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் அப்படித்தான் வைத்திருக்கிறது. பார்க்கிங் இடம் ஒதுக்கிக் கட்டணம் வாங்கவும் அதே சட்டம்தான் ஊராட்சி மன்றத்துக்குக் கை கொடுக்கிறது. பெரிய ரோடு கூட்டரசுச் சாலை, அதாவது மத்திய அரசின் ரோடு, அது பொதுப்பணி இலாகாவின் கையில். அங்கே 90, பண்டிகைக் காலத்தில் 80, டவுனுக்குள் நுழைந்தால் 60. பாலத்துக்கு அப்பால் தோட்டத்து நிர்வாகம். ஆக, ஆலைக்குப் போகிற ஒரு லோரி ஐந்து நிமிடத்தில் மூன்று முதலாளிகளின் ரோட்டில் ஓடுகிறது. நடுவில் இருக்கிற அரைக் கிலோமீட்டர் யாருடையது என்று கடிதத்தில் தெளிவாகச் சொல்லவில்லை.

எங்கள் வட்டாரத்து மன்ற உறுப்பினரைப் போய்ப் பார்த்தேன். இந்த நாட்டில் ஊராட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டது, அதன் பிறகு மன்ற உறுப்பினர்களை மாநில அரசுதான் நியமிக்கிறது. ஓட்டுக் கேட்டு அவர் நம் வீட்டுக்கு வரப்போவதில்லை, நாம்தான் அவரைத் தேடிப் போக வேண்டும். நல்லவர், பொறுமையாகக் கேட்டார். அவர் சொல்லித்தான் எனக்கு ஒன்று தெரிந்தது. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டப்படி மன்றம் மாதம் ஒரு முறையாவது கூட வேண்டும், அந்தக் கூட்டத்தைப் பொதுமக்கள் போய்ப் பார்க்கலாம். "வாங்கக்கா, பின்னால உக்காருங்க. பேச முடியாது, ஆனா நீங்க உக்காந்திருக்கறத அவங்க பாக்கட்டும்" என்றார்.

போனேன். பள்ளியிலிருந்து இரண்டு அம்மாக்களும் வந்தார்கள். பின் வரிசையில் உட்கார்ந்தோம். உறுப்பினர் என் தாளைப் படம் எடுத்துத் திரையில் போட்டார். என் கோணல் எழுத்து, 3.4, 4.1, 2.9 என்று அவ்வளவு பெரிதாகச் சுவரில். அந்த அறை கொஞ்ச நேரம் அமைதியானது. பொறியியல் பிரிவின் அதிகாரி பதிவேட்டைப் பார்த்துவிட்டு, பாலம் வரைக்கும் மஜ்லிஸ் ரோடுதான், மாரிஸ் பதிவில் இருக்கிறது, பராமரிப்புக்கு மானியமும் வருகிறது என்று சொன்னார். சாலைகளைப் பதிவு செய்து அதற்கேற்ப மத்திய அரசு மாநிலத்துக்குப் பராமரிப்புப் பணம் கொடுக்கிற ஏற்பாடு அது. அந்த ஒரு வாக்கியம் கிடைக்க எனக்கு ஏழு மாதம் ஆகியிருந்தது.

மூன்று வாரத்தில் வேகத்தடை மேடு போட்டார்கள். ஆனால் பள்ளியைக் கேட்காமல், பள்ளி தொடங்கும் நேரத்தில் வந்து பார்க்காமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டுவிட்டுப் போனார்கள். டவுனிலிருந்து வருகிறவர்களுக்கு வாசலைத் தாண்டி இருபது அடியில் இருக்கிறது அந்த மேடு. பிள்ளைகள் கடக்கிற இடத்தை முழு வேகத்தில் தாண்டிவிட்டுப் பிறகு பிரேக் போடுகிறார்கள். அதுவும் ஒடுக்கமான, கூரான மேடு. மஞ்சள் பட்டை அடிக்கவில்லை.

கூரான மேட்டில் பழக்குலை லோரி ஏறினால் என்ன ஆகும் என்று தோட்டத்தில் பிறந்த எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். லோரி குலுங்கும், குலையிலிருந்து உதிரிப் பழம் கொட்டும். அடுத்த லோரி அதை நசுக்கும். நசுங்கிய பழம் தாரில் ஆரஞ்சு நிறத்தில் எண்ணெயாகப் படியும். வெயிலில் காய்ந்திருந்தால் தெரியாது, லேசான தூறல் விழுந்தால் போதும், சோப்புத் தண்ணீர் மாதிரி ஆகிவிடும். மேடு போட்டு இரண்டாவது வாரம், மகளைப் பின்னால் உட்கார வைத்து வந்த ஒரு அப்பாவின் மோட்டார் அங்கேதான் வழுக்கியது. நல்லவேளை மெதுவாக வந்தார். அந்தப் பிள்ளைக்கு முழங்கை சிராய்த்தது, பள்ளிச் சட்டையின் வெள்ளைக் கை முழுக்க எண்ணெயும் மண்ணும். அழவில்லை. எழுந்து முதலில் தன் பைக்குள் தண்ணீர்ப் புட்டி உடைந்ததா என்று பார்த்தாள். இந்த நாட்டில் சாலையில் சாகிறவர்களில் பாதிக்கு மேல் மோட்டாரில் போகிறவர்கள். அவர்களைக் காப்பாற்றப் போட்ட மேடு அவர்களையே தள்ளிவிட்டது.

அன்று மத்தியானமே மஜ்லிஸுக்குப் போனேன். இந்த முறை பொறியியல் பிரிவிலிருந்து ஒரு டெக்னீஷியன் மறுநாள் காலை 6.45க்கே வந்து நின்றார். மலாய்க்காரர், ஐம்பது வயது இருக்கும். என்னை "அக்கா" என்றுதான் கூப்பிட்டார். ஒரு மணி நேரம் நின்றார். உதிரிப் பழத்தைக் குனிந்து எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தார். நான் சுவரில் போட்ட கோட்டைக் காட்டினேன், தன் போனை எடுத்து அவரும் எண்ணினார். பிறகு எனக்கு விளக்கினார். ஒடுக்கமான மேடு லோரிக்குச் சரிவராது. வாசலுக்கு நேராக, லோரியின் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே நேரத்தில் ஏறி நிற்கிற அளவுக்கு அகலமான தட்டை மேடை ஒன்றைப் போட்டு, அதன் மேலேயே வரிக்குதிரைக் கோடு அடிக்க வேண்டும். ஏறவும் இறங்கவும் நீண்ட சரிவு. லோரி மெதுவாக ஏறும், குலுங்காது, பழம் சிந்தாது. பிள்ளைகள் ரோட்டில் இறங்காமல் நடைபாதை மட்டத்திலேயே கடக்கலாம். அதோடு இரண்டு பக்கமும் ரோட்டைக் கொஞ்சம் ஒடுக்கிக் கம்பம் நட்டால், முன்பு காடிகள் நின்று செய்த வேலையை அது செய்யும். பேசிக்கொண்டே ஸ்பிரே பெயிண்டை எடுத்து நாலு மூலையிலும் வெள்ளைக் குறி போட்டார்.

பலகையையும் காட்டினேன். 30 என்ற எண்ணின் மேல் பாதியைச் சரக்கொன்றைக் கிளை மூடியிருந்தது. புல் வெட்டுகிறவர்கள் மாதம் இரண்டு தடவை வருகிறார்கள், கீழே சுத்தமாக வெட்டிவிட்டுப் போகிறார்கள். கிளை வெட்டுவது அவர்கள் காண்டிராக்ட்டில் இல்லையாம். அவர் யாருக்கோ போன் போட்டார், சாயங்காலத்துக்குள் கிளை போனது. இப்படி ஒரு ஆள் ஒரு நாள் காலையில் நேரில் வந்து நின்றால் முடிகிற காரியம், கடிதத்தில் எத்தனை மாதம் இழுத்தது என்று நினைத்தால் மனசு ஆறவில்லை.

இது நடந்து ஐந்து மாதம் ஆகிறது. கூரான மேட்டைச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். அகல மேடைக்கு ஒதுக்கீடு வந்துவிட்டது, குத்தகை விடவேண்டியதுதான் பாக்கி என்று கவுண்டரில் சொல்கிறார்கள். இடைக்காலத்தில் பிளாஸ்டிக் கூம்பு நாலு கொடுத்தார்கள். பள்ளிக் காவலாளி அண்ணன் தினமும் 6.30க்கு அதை ரோட்டின் நடுவில் வரிசையாக வைக்கிறார், 7.45க்கு எடுக்கிறார். கூம்பு இருக்கிற நேரத்தில் மறுபடி எண்ணிப் பார்த்தேன், ஐந்து, ஐந்தரை செகண்ட் வருகிறது. தோட்டத்து மேனேஜரும் காலை 7 மணியிலிருந்து 7.40 வரை லோரிகளை ஆலைக்குள் எடுப்பதில்லை என்று வாய்மொழியாக ஒத்துக்கொண்டிருக்கிறார். பெரும்பாலும் நடக்கிறது. மத்தியானம் பள்ளி விடுகிற நேரத்துக்கு அப்படி எந்த ஏற்பாடும் இல்லை, கூம்பும் இல்லை. 1 மணிக்கு லோரிகள் பழைய வேகத்தில்தான் வருகின்றன.

ஆகவே பார்க்கிங்குக்கு நாலு, பள்ளிக்கூட ரோட்டுக்கு ரெண்டு. அந்த ரெண்டில் ஒன்று காலையில் வந்து நின்ற டெக்னீஷியனுக்கு, இன்னொன்று எங்களைப் பின் வரிசையில் உட்கார வைத்த உறுப்பினருக்கு. இதே மஜ்லிஸ் 50 காசு வசூலிக்கிற பெட்டியில் கோடு மங்கினால் ஒரே வாரத்தில் புதுசாக அடிக்கிறது. டெக்னீஷியன் போட்ட நாலு வெள்ளைக் குறியும் லோரிச் சக்கரத்திலும் மழையிலும் தேய்ந்துவிட்டது. குத்தகைக்காரர் வரும்போது இடம் மாறிவிடக்கூடாது என்பதற்காக, வெள்ளிக்கிழமை பிள்ளைகளை இறக்கிவிட்டு, காவலாளி அண்ணன் லோரி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க, நான் சுண்ணாம்பால் அதன் மேலேயே திரும்பப் போட்டு வைக்கிறேன். வேலை முடிந்ததும் இங்கே வந்து இந்த எண்ணை மாற்றி எழுதுவேன்.